ஒன்பது மெடல்களின் சொந்தக்காரர்

ஜூலை 8, திங்கள்

சத்துணவுக் கூடத்துக்கு மளிகை போடுகிறவர் ஜனவரியில் கொடுத்த டைரி. நாலு நாள் எழுதிவிட்டு அலமாரியில் போட்டதுதான். இன்றைக்கு யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கொட்டுவதற்கு ஆள் இல்லை. அதனால் இதை எடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியர் அற்புதராஜ் சார் சும்மா இருக்க மாட்டார் போலிருக்கிறது. இந்தப் பள்ளியில் படித்துப் பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி வராந்தாவில் மாட்டப் போகிறாராம். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி திறப்பு விழா. "உங்கப்பா மூணு யுத்தம் பார்த்தவராமே, கோமளாம்மா. அவர்தான் கொடியேத்தணும். எல்லா மெடலையும் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார். நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சரி சார் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு வார்த்தையால் வந்த வினை.

நைனாவிடம் வந்து சொன்னேன். பெற்ற தகப்பன், சுபேதாராக ஓய்வு பெற்றவர், ஊருக்கே மிலிட்டரி ஏகாம்பரம். சந்தோஷப்படுவார் என்று நினைத்தால், உடனே ஆர்டர் போட ஆரம்பித்துவிட்டார். ரிப்பன் ஒன்பதும் நைந்து போய்விட்டதாம். புது ரிப்பன் வேண்டும். தேய்த்துப் பளபளக்க வைக்கப் பிராஸோ வேண்டும். கோட்டுக்கு இஸ்திரி வேண்டும். துடைப்பதற்குத் துணி வேண்டும் என்று என்னுடைய நல்ல வாயில் புடவை ஒன்றைக் கிழித்தும் வைத்திருக்கிறார்.

அதோடு முடிந்ததா? இரண்டு தெரு தள்ளிப் பெரிநைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நைனாவின் அண்ணன், துரைக்கண்ணு. தோல் மண்டியில் காலமெல்லாம் சரக்குத் தூக்கியவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. அண்ணனும் தம்பியும் நாற்பது வருஷமாகப் பேசுவதில்லை. என்ன சண்டை என்று கேட்டால் இரண்டு பேரும் சொல்வதில்லை. மனைத் தகராறு என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். புருஷன் போன பிறகு நான் பிறந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷமாகிறது. பத்து வருஷமாக இரண்டு கிழவர்களுக்கும் நடுவில் கேரியர் தூக்குகிறேன். விழா விஷயத்தைச் சொன்னேன். பெரிநைனா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எல்லா மெடலுமா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

முட்டை வண்டி வரவில்லை. பிள்ளைகள் என்னைத் திட்டினார்கள்.

ஜூலை 11, வியாழன்

அரை நாள் லீவு போட்டு வேலூர் போய், பட்டாளத்துச் சாமான் விற்கிற தையல் கடையைத் தேடிக் கண்டுபிடித்து, வெயிலில் வெந்து ரிப்பன் வாங்கி வந்தேன். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது இன்னாது?"

"ரிப்பன்."

"ரிப்பன்னு தெரியுது. எந்த யுத்தத்துது? எழுபத்தியொண்ணுக்கு அறுபத்தஞ்சி ரிப்பன வாங்கியாந்துகீறியே! நான் வேற யுத்தத்துக்குப் போயி வேற யுத்தத்த மாட்டிக்கினு நிக்கணுமா?"

ஒரு கோடு வித்தியாசம். ஒரே ஒரு கோடு. "யாருக்கு நைனா தெரியப்போவுது?" என்றேன். அவ்வளவுதான். ராணுவ ஒழுங்கு பற்றி முக்கால் மணி நேரம். எந்த மெடல் முன்னால், எது பின்னால், மார்பில் எத்தனை அங்குலம் மேலே. காயம்பட்டதற்கு ஒன்று, அறுபத்தைந்துக்கு இரண்டு, எழுபத்தொன்றுக்கு இரண்டு, சீனா எல்லைப் பனிக்கு ஒன்று, சுதந்திர வெள்ளி விழாவுக்கு ஒன்று, ஒன்பது வருஷ சர்வீசுக்கும் இருபது வருஷ சர்வீசுக்கும் ஒவ்வொன்று. பிறந்ததிலிருந்து கேட்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்துத் துடைக்கப் போனேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "ஓரத்துல பிராஸோ போடாத. பேரு தேஞ்சிடும்" என்றார். மெடல் ஓரத்தில் நம்பரும் ராங்கும் பெயரும் பொடியாக வெட்டியிருக்கிறது. தேயட்டுமே. யார் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பார்க்கப் போகிறார்கள்?

ஜூலை 15, திங்கள்

காமராஜர் பிறந்த நாள். இருநூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல். கை கழன்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்து, பலகையில் எழுத, நைனா படித்த வருஷம் வேண்டும், பழைய அட்மிஷன் ரிஜிஸ்தரைப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்து சும்மா பேச்சுவாக்கில் நைனாவிடம் சொன்னேன்.

"நான் வரல" என்றார்.

"எங்க வரல?"

"விழாவுக்கு. கால் வலி."

குண்டடிபட்ட கால் ஐம்பது வருஷமாக வலிக்கிறது. இன்றைக்குத்தான் புதிதாக வலிக்கிறதாம். ரிப்பனுக்காக நான் இரண்டாம் தடவையும் வேலூர் போய் வந்த பிறகு சொல்கிறார். பொங்கல் கிண்டிய கரண்டி கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஜூலை 18, வியாழன்

ரிஜிஸ்தர் அகப்பட்டது. கரையான் அரித்தது போக மிச்சம். தலைமையாசிரியர் ஆசையாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏகாம்பரம், பிறப்பு 1942, எட்டாவது தேறியவர். அதற்கு நாலு பக்கம் தள்ளித் துரைக்கண்ணு, பிறப்பு 1944, ஆறாவதோடு நின்றவர். தகப்பன் பெயர் இரண்டிலும் எங்கள் தாத்தா பெயர்தான். இவர் எங்கள் பெரியப்பா என்று காட்டினேன்.

"உங்க பெரியப்பா சின்னவரா?" என்று கேட்டார்.

"இல்ல சார், பெரியவரு."

"வருஷம் மாறியிருக்கே."

அந்தக் காலத்து வாத்தியார்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எழுதியிருப்பார்கள், மாறிப்போயிருக்கும் என்றேன். அங்க அடையாளம் என்று ஒரு கட்டம். ஏகாம்பரத்துக்கு இடது காதின் பின்புறம் மச்சம் என்று போட்டிருக்கிறது. நைனாவுக்கு அங்கே மச்சம் கிடையாது. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? அதையும் வாத்தியார் மாற்றித்தான் எழுதியிருப்பார்.

சத்துணவுக் கூடத்தில் குழாய் உடைந்து வெள்ளம். பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்கிறான்.

ஜூலை 19, வெள்ளி

பிளம்பர் வரவில்லை.

பெரிநைனாவுக்கு இருமல் அதிகம். முதுகில் தைலம் தேய்த்தேன். இடது காதின் பின்னால் மிளகளவு மச்சம் இருக்கிறது. மச்சம் யாருக்குத்தான் இல்லை.

ஜூலை 24, புதன்

பெரிநைனாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மண்டியில் அறுபது வருஷம் சுவாசித்ததெல்லாம் மார்பில் உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை தந்து, குளிர்ந்ததைத் தொடக் கூடாது என்றார். வெளியே வந்ததும் ஐஸ் போட்ட சாத்துக்குடி ஜூஸ் வேண்டும் என்றார் பெரிநைனா. வாங்கிக் கொடுக்கவில்லை. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் சொன்னதை நைனாவிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போனார். மெடல் இருக்கும் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இத்த அவருகிட்ட குட்துடு."

"எவருகிட்ட?"

"அண்ணங்கிட்ட."

நாற்பது வருஷமாக அண்ணன் என்ற சொல் இந்த வீட்டில் கேட்டதில்லை. எதற்கு என்று கேட்டேன். "குடுன்னா குடேன். கேள்வி கேக்காம ஒரு வேலையாவது செய்வியா நீ?" என்றார். கேள்வி கேட்காமல் பத்து வருஷமாக ஒரே வேலையைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!

ஜூலை 25, வியாழன்

கேரியரோடு டின்னும் போனது. பெரிநைனா மூடியைத் திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பிறகு மூடி என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு? நானா சுட்டேன்?"

டின் திரும்பி வந்தது.

ஜூலை 26, வெள்ளி

டின் மறுபடி போனது. மறுபடி வந்தது. தெருமுனையில் நிற்கிற ஆட்டோக்காரர் அதில் முறுக்கா என்று கேட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

இனிமேல் தூக்க மாட்டேன் என்று டின்னை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என்ன விஷயம் என்று சொன்னால்தான் இன்றைக்கு இந்த வீட்டில் சோறு என்றேன். பன்னிரண்டு மணிவரை பிடிவாதமாக இருந்தார். நைனாவுக்குப் பசி தாங்காது.

"அறுபத்தியொண்ணுல ஆளெடுக்க வேலூருக்கு வந்தாங்கோ" என்று ஆரம்பித்தார். "எனக்குப் பதினாறு முடிஞ்சிச்சி. வயசு பத்தாது. படிப்பும் பத்தாது. பொட்டில அண்ணனோட எட்டாவது பாஸ் சர்ட்டிபிகேட் இருந்துது. எட்துக்கினு போய்ட்டேன். அப்ப நெறைய பசங்க அப்டித்தான் போனாங்கோ. மார அளந்தான், பல்லப் பாத்தான், பேரு இன்னான்னான். ஏகாம்பரம்னேன்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தும், "அப்ப உம்பேரு?" என்று கேட்டேன்.

"தொரக்கண்ணு."

"பெரிநைனா?"

"அவருதான் ஏகாம்பரம்."

அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. எழுந்துபோய் அணைத்தேன். என் பெயருக்கு முன்னால் ஐம்பத்தெட்டு வருஷமாக ஏ. என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில், கல்யாணப் பத்திரிகையில், சம்பளப் பட்டியலில். அது பெரிநைனாவினுடையது.

"அவரு கேக்கலயா உன்ன?"

"நான் ரெண்டு வருஷம் கழிச்சித்தான் லீவுல வந்தேன். ரயில்வேல அவர வேலைக்குக் கூப்ட்டிருந்தானாம். சர்ட்டிபிகேட் இல்லாம போவல. வேற காப்பி வாங்கப் போனவர எங்கப்பா தடுத்துட்டாரு. வெளிய தெரிஞ்சா சின்னவன ஜெயில்ல போட்டுடுவான்னு. அப்பறம் எம்பேர அவரு வெச்சிக்கினாரு. தெருவுல எங்கள யாரு பேர் சொல்லிக் கூப்ட்டா? பெரியவன், சின்னவன்தான். யாருக்கும் தெரியல."

"பேசாம இருந்தது அதுக்கா?"

"இல்ல. அதுவரைக்கும் பேசிக்கினுதான் இருந்தோம். ரிட்டயராயி வந்து இந்த வூட்டக் கட்டுனேன் பாரு. வாசல்ல கல்லுல பேரு வெட்டி வெச்சேன்."

சுபேதார் ஏகாம்பரம் இல்லம். மண்டிக்குப் போகிற வழி எங்கள் வாசல்தான். தினமும் காலையும் மாலையும் மூட்டை தூக்கப் போகிற மனுஷன் தன் பெயரைக் கல்லில் படித்துக்கொண்டே போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு, "கல்லுல வெட்டச் சொல்லி எவன் அழுதான்?" என்று கத்தினேன். நைனா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பெரிநைனாவிடம் நேராகவே கேட்டேன். தெரிந்துவிட்டதா என்பது போலப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எழுபத்தியொண்ணுல தந்தி வந்துச்சி" என்றார். "ஏகாம்பரம் பலத்த காயம்னு. போஸ்ட்மேன் நடுத்தெருவுல நின்னு படிச்சான். பொம்பளைங்க எல்லாம் ஓடியாந்து, ஐயோ ஏகாம்பரம், போய்ட்டியா ஏகாம்பரம்னு மாரடிச்சிக்கினாங்கோ. நான் எதுக்கால நிக்கறேன். நானும் அழுவறேன். அவனுக்காகத்தான் அழுதேன், பொய் சொல்லல. ஆனா எம்பேரச் சொல்லி நாலு பேரு அழுது நான் கேட்டது அன்னிக்கித்தான்."

"பெரிம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. தொரக்கண்ணு பொண்டாட்டின்னே செத்தா."

மெடலை வாங்கிக்கொள்ளக் கூடாதா, உங்கள் பெயர்தானே அதில் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார்.

"மெடலு அவனுது. பனில கெடந்தது அவன், குண்டு பட்டது அவன். எனக்கு எதுக்கு அது? பேருதான் என்னுது. நாலு பேரு முன்னால, இவருதான் ஏகாம்பரம்னு ஒருக்கா அவன் வாயால சொல்லட்டும். நான் உசுரோட கீறப்பவே சொல்லட்டும். அவ்ளோதான்."

இத்தனை வருஷம் போய்விட்டது, இன்னும் எதற்கு, விடுங்கள் என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன். நைனாவின் பென்ஷனில்தான் இரண்டு வீட்டு அடுப்பும் எரிகிறது, பெரிநைனாவின் மாத்திரை உட்பட. எண்பது வயதில் ஒருவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பவா? பெரிநைனா மோர் கேட்டார். டாக்டர் கூடாது என்றிருக்கிறார். ஊற்றினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நைனாவிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. அரிசி மூட்டை இறக்கினார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

நேரம் வாய்க்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

சொல்லிவிட்டேன். பெரிநைனாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ள முடியவில்லை. நைனா கோட்டின் பொத்தானைத் தானே தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமல், "விழாவுக்கு வர்றேன். மைக்குல சொல்றேன்" என்றார்.

"நல்லா யோசிச்சியா நைனா? பென்ஷன் குடுக்கற பேங்குக்காரன் வந்து நின்னா?"

"சீனாக்காரன் வந்தப்பவே நின்னவன் நான்."

"அப்ப கையில துப்பாக்கி இருந்துச்சி."

"அதுல குண்டு இல்ல" என்றார். தீர்ந்துபோயிருந்ததாம். இத்தனை வருஷத்தில் இதைச் சொன்னதே இல்லை. மெடல் கதை மட்டும் ஆயிரம் தடவை.

ஆகஸ்ட் 14, புதன்

நாளைக்கு இருநூற்றைம்பது பேருக்கு இனிப்பு. நைனா கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறார். மெடல்களை இடது மார்பில் குத்தி, கழற்றி, மறுபடி குத்துகிறார். ஸ்கேல் எங்கே என்கிறார். என்னுடைய பிளட் பிரஷர் மாத்திரையைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

பெரிநைனாவை ஆட்டோவில் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சலவை வேட்டி, சட்டை. முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். மூச்சு வாங்குவது வெளியே தெரியாமல் வாயை மூடிக்கொண்டே இருந்தார்.

நைனா கொடியேற்றினார். ஒன்பது மெடலும் கிணுகிணுத்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். பலகையைத் திறந்தார்கள். முதல் பெயரே சுபேதார் ஏகாம்பரம். மைக்கைக் கொடுத்தார்கள். அறுபத்திரண்டு, அறுபத்தைந்து, எழுபத்தொன்று என்று வரிசையாகச் சொல்லி வந்தார். நன்றாகத்தான் பேசினார். பிறகு, "இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்கண்ணன்..." என்று நிறுத்தினார். எங்கள் பக்கம் பார்த்தார். பெரிநைனா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

"எங்கண்ணன் தொரக்கண்ணு இங்க வந்துகீறாரு. அவரு இல்லன்னா நான் இல்ல. ஜெய்ஹிந்த்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று யுத்தம். ஒரு வார்த்தை வரவில்லை. பெரிநைனா எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். இனிப்பு வேண்டாம் என்றார். ஆட்டோவில் வரும்போது, "நல்லா பேசினான்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நைனாவோடு நான் பேசவில்லை. அவரும் என்னோடு பேசவில்லை. கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது என்று எழுதினேன். அதை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பெரிநைனா ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. நைனா ஒரு நாள் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாத்திரை துன்றியா?" என்று நைனா கேட்டார். "துன்றேன்" என்றார் பெரிநைனா. நாற்பது வருஷத்துக்குப் பிறகு பேசினது இவ்வளவுதான். வெளியே அழைத்துவந்து, இப்போதாவது அந்த வார்டில் இருக்கிற நாலு பேரிடம் சொல்லக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். நர்ஸ் கூப்பிட்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பெரிநைனா காலை ஐந்தரைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

நேற்று எடுத்தாயிற்று. உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் முடிந்தது.

உடம்பை எங்கள் வீட்டு வாசலில்தான் கிடத்தியிருந்தோம். அந்தக் கல்லுக்குக் கீழேயே. தெருவே வந்திருந்தது. தலைமையாசிரியர் வந்திருந்தார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து செயலாளர் ரங்கசாமி நாலு பேரோடு வந்திருந்தார். சுபேதாரின் அண்ணன் என்பதால் மாலை. நைனா மட்டும் வெளியே வரவே இல்லை. உள்ளே போய்க் கூப்பிட்டேன். அடிக்கிற வெயிலில் மெடல் குத்திய கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம். எழவு வீட்டில் எவனாவது மெடல் குத்திக்கொண்டு நிற்பானா? "உன் பெருமைய இன்னிக்குக்கூட விடமாட்டியா?" என்று கேட்டேன். காதில் வாங்காமல் காலை இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரங்கசாமிதான் முதலில் கவனித்தார். அவருக்குத் தர்மசங்கடம். பக்கத்தில் வந்து காதோடு சொல்லப் பார்த்தார். நைனாவுக்குக் காது மந்தம். அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"சுபேதார் சாப், மெடலு பக்கம் மாறிக்கீது. வலது பக்கம் குத்திக்கினுகீறீங்கோ."

"தெரியும்."

"நம்ம மெடல நாம இடது பக்கம்தான் குத்தணும். வலது பக்கம்னா செத்துப்போன சொந்தக்காரங்களுதுன்னு ஆவும், சாப்."

"அத எனக்குச் சொல்லித்தர்றியா? இருபத்திநாலு வருஷம் சர்வீசு நானு. ஓரத்துல பேரு வெட்டிக்கீது பாரு. படி. சத்தமா படி."

ரங்கசாமி குனிந்து ஒரு மெடலின் ஓரத்தைத் திருப்பி, நம்பரைப் படித்து, சிப்பாய் ஏகாம்பரம் என்று படித்தார்.

"அதோ படுத்துகினு கீறாரு பாரு, அவருதான் ஏகாம்பரம்" என்றார் நைனா. "எங்கண்ணன். நான் தொரக்கண்ணு. அவரு சர்ட்டிபிகேட்டத் திருடிக்கினுப் போயிப் பட்டாளத்துல சேந்தேன். சண்ட போட்டது நான், பேரு அவுருது. எல்லாரும் கேட்டுக்கோங்கோ."

பறையடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். ரங்கசாமி விறைப்பாக நின்று, கிடத்தியிருந்தவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். கூட வந்த நாலு பேரும் வைத்தார்கள். நைனா கடைசியாக வைத்தார். கையை இறக்க மறந்துவிட்டார், நான்தான் பிடித்து இறக்கினேன்.

ஃபிளெக்ஸ் கடைப் பையன் காத்திருந்தான். கண்ணீர் அஞ்சலி பேனரைத் தெருமுனையில் கட்டவேண்டும், பெயரை எழுதித் தாருங்கள் என்று காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கினேன். து என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருபது நாள் முன்னாடி சொல்லியிருந்தா அவரு காதுல விழுந்திருக்கும்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சொல்லத்தான் வந்தேன். மேடைலருந்து உன் மூஞ்சியப் பாத்தேன். வேணாம்னு தலையாட்டின."

கோபமாகச் சொல்லவில்லை. எந்த ரிப்பன் எந்த யுத்தத்துக்கு என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார்.

ஆட்டினேன். பெரிநைனாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் ஆட்டினேன். அன்றைக்கு அதை நான் இங்கே எழுதவில்லை. நைனாவுக்குத் தைரியம் வரவில்லை என்று எழுதிவைத்தேன். பெரிநைனா திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். திரும்பியிருக்க மாட்டார். மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

து என்பதை அடித்துவிட்டு, ஏகாம்பரம், வயது 82 என்று எழுதிக் கொடுத்தேன். பெரியதாகப் போடச் சொன்னேன்.

செப்டம்பர் 9, திங்கள்

பேனரைப் பார்த்துவிட்டு மூன்று நாளாக ஊரே துக்கம் விசாரிக்க வருகிறது. சுபேதார் போய்விட்டாராமே என்று அழுதுகொண்டே மாலையோடு படியேறுகிறவர்களுக்குச் சுபேதாரே கதவைத் திறக்கிறார். ஒரு கிழவி மயங்கி விழப்பார்த்தாள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விவரம் சொல்லி அனுப்புவதற்குள் என் உயிர் போகிறது. நைனா யாரிடமும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்கிறார். எங்கண்ணன் ஏகாம்பரம் என்று ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது. எட்டாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் மறுபடி முட்டை வரவில்லை.

பதினோரு மணிக்கு பேங்கிலிருந்து போன். யாரோ சின்னப் பெண் குரல், மரியாதையாகத்தான் பேசினாள். சுபேதார் ஏகாம்பரத்தின் பென்ஷன் கணக்கு விஷயமாக என்றாள். அவர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம், உண்மையா என்று கேட்டாள்.

நைனா கூடத்தில் டீயை உறிஞ்சிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டுகிறேனா என்று பார்த்தாரோ என்னவோ.

"ஆமாம்மா" என்றேன். "ஏகாம்பரம் செவ்வாய்க்கிழமை காலையில காலமாயிட்டாரு."

"அப்ப உங்க வீட்ல இருக்கிறதா சொல்றாங்களே, அவர் யாருங்க?"

"அவரு எங்கப்பா. பேரு துரைக்கண்ணு. நேர்ல வாங்க, சொல்றேன்."